தாத்தாவின் மீன் தொட்டி: தண்ணீரை மொத்தமாக மாற்றிவிடலாமா?

2024 ஜூன் 2, ஞாயிறு. மதுரையிலிருந்து வந்த கேள்வி

தாத்தா போன மாதம் தவறிவிட்டார். அவருடைய மீன் தொட்டி இப்போது என் பொறுப்பு. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். இரண்டு ஒராண்டா (தங்கமீன் வகை), மூன்று ரோசி பார்ப், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பெரிய சக்கர் மீன். தண்ணீர் டீத்தண்ணீர் மாதிரி மஞ்சளாக இருக்கிறது. இரண்டு பார்ப் மேல் வெள்ளைப் புள்ளி. கடையில் கேட்டால், மீனை வாளியில் எடுத்துப் போட்டுவிட்டு எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி மருந்து போடச் சொல்கிறார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். இன்று சாயந்திரம் செய்துவிடலாமா?

ஜூன் 2, மதியம் 1.10

செய்யாதீர்கள் தம்பி. இன்று எதையும் கொட்டவோ கழுவவோ வேண்டாம். தீனியை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஏர் பம்பை முழுசாகத் திறந்து விடுங்கள். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் இன்னொன்றில் நீங்கள் ஊற்ற நினைத்த தண்ணீரும் பிடித்து மூடி வையுங்கள். காரணத்தை ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 2, இரவு 9.40

2019இல் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

பெரியப்பா அந்த ஏப்ரலில் காலமானார். பெரம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரியம்மா கோயம்புத்தூரில் மகளிடம் போக, நாலடித் தொட்டி மடிப்பாக்கத்துக்கு என்னிடம் வந்தது. நாலு ஏஞ்சல், இரண்டு கிஸ்ஸிங் கோராமி, இரண்டு சில்வர் டாலர், ஒரு சக்கர். மொத்தம் ஒன்பது. ஏஞ்சல்களில் ஒன்று பெரியப்பா கையிலிருந்து நேராகத் தீனி வாங்கித் தின்னும்.

அது எந்தக் கோடை என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புழலும் செம்பரம்பாக்கமும் தரை தெரிய வறண்டு கிடந்தன. எங்கள் தெருவில் போர் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம். அந்த நிலைமையிலும் தொட்டிக்கென்று 150 லிட்டருக்கு மேல் ஒதுக்கினேன். மீன்களுக்குப் புது வீடு, புதுத் தண்ணீர், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை. கல்லை அலசினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெள்ளையாகும்வரை குழாயடியில் பிழிந்தேன். கூட எடுத்து வந்த பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டு, மீதியை லாரித் தண்ணீரால் நிரப்பினேன்.

மறுநாள் காலையில் இரண்டு ஏஞ்சல் தரையில் சாய்ந்து கிடந்தன. செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது. மூன்று நாளில் நாலு ஏஞ்சலும் ஒரு சில்வர் டாலரும் போய்விட்டன. புள்ளி இல்லை, புண் இல்லை, துடுப்பு அழுகல் இல்லை. பெரியம்மா போனில் "ஏஞ்சலுக்குக் கையில குடுக்கறியா?" என்று கேட்டார்கள். எனக்குப் பேச வரவில்லை.

நோய் என்று நினைத்து நீல மருந்து வேறு ஊற்றினேன். நோய் எதுவும் இல்லை. தண்ணீரை மாற்றியதுதான் அவற்றைக் கொன்றது. எப்படி என்பது நாளைக்கு.

ஜூன் 3, காலை 6.30

தண்ணீர்ப் பஞ்சம் என்பதால் பழைய தண்ணீரில் இரண்டு குடம் கறிவேப்பிலைச் செடிக்கு எடுத்து வைத்திருந்தேன். அதுதான் விஷயத்தைத் துலக்கியது. அதிலிருந்து கொஞ்சம் கொளத்தூருக்கு எடுத்துப் போய், தெரிந்த ஒரு மீன் பண்ணையில் துளி மருந்து விட்டுப் பார்க்கச் சொன்னேன். பிஎச், அதாவது தண்ணீரின் அமில அளவு (7க்குக் கீழே போகப் போக அமிலம், மேலே போனால் காரம்), 6 இருந்தது. நிற அட்டையின் கடைசி மஞ்சள் அது. நைட்ரேட் கருஞ்சிவப்பு. அமோனியாவும் ஏராளம். லாரித் தண்ணீரின் பிஎச் 8.2.

மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குகின்றன. இந்த வேலை நடக்கும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை உள்வாங்கிக்கொள்ளும். இதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்று அளக்கிறார்கள். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். தண்ணீர் மாற்றாமலே விட்டால் கேஎச் தீர்ந்துபோகும். பிஎச் இறங்கும். 6 பக்கம் வந்ததும் பாக்டீரியாக்களும் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அதன்பின் அமோனியா அப்படியே சேரும்.

சேர்ந்தும் மீன் சாகாமல் இருந்ததற்கும் காரணம் அந்த அமிலம்தான். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று செவுளைச் சுட்டெரிக்கும். இன்னொன்றான அமோனியம் பெரிய கெடுதல் செய்யாது. பிஎச் 6இல், நம் ஊர்க் கோடையின் 31 டிகிரி சூட்டில், நஞ்சான வடிவம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதே சூட்டில் பிஎச் 8.2 என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல். நான் விட்டு வைத்த மூன்றில் ஒரு பங்கு பழைய தண்ணீரில் இருந்த அமோனியாவில் நஞ்சான பங்கு ஒரே மணி நேரத்தில் பல மடங்கானது. பிஎச்சும் உப்பும் திடுமென்று மாறிய அதிர்ச்சி தனி. பாக்டீரியாவை நான் குழாயடியில் கழுவி விட்டிருந்தது தனி.

ஜூன் 3, இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். குடத்தில் பத்து நாள் நின்ற தண்ணீரை அளந்தேன் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். திறந்து நிற்கும் தண்ணீரில் கரியமில வாயு வெளியேறி பிஎச் கொஞ்சம் ஏறும். தொட்டியில் இருந்தபோது 6க்கும் கீழே இருந்திருக்கலாம். அதனால்தான் மதுரைத் தம்பியைப் பாட்டிலில் பிடித்து மூடச் சொன்னேன்.

ஜூன் 4

"தாத்தா மாதாமாதம் தண்ணீர் மாற்றினாரா என்று பாட்டியிடம் கேட்டேன். உடம்பு முடியாமல் போனதிலிருந்து மாற்றவில்லை, குறைகிற அளவுக்கு ஃபில்டர் தண்ணீர் மட்டும் ஊற்றுவார், நாம் குடிக்கிற தண்ணீர்தானே நல்லது என்பார், என்கிறார்" என்று தம்பி எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. பெரியப்பா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அவர் போன பிறகு அலமாரியில் ஒரு கட்டு கிடைத்தது. "சக்கர் வெளியே வரவில்லை." "கோராமி இரண்டும் முட்டிக்கொண்டன." கடைசி நாலைந்து மாதத் தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "கேன் தண்ணீர் 1 குடம்." மெட்ரோ தண்ணீர் வராத நாட்கள். படியேறி வாளி தூக்க முடியாத உடம்பு. காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரை மீனுக்கு ஊற்றியிருக்கிறார்.

கேன் தண்ணீரும் வீட்டு ஃபில்டர் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர், அதாவது கரைந்த உப்புகளை வடிகட்டி எடுத்த தண்ணீர். அதில் கேஎச் கிட்டத்தட்ட இருக்காது. ஆவியாகும்போது போவது வெறும் நீர்தான், கழிவு தொட்டியிலேயே தங்கிவிடும். அதை ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டினால் அமிலத்தை உள்வாங்க எதுவுமே சேராது. உங்கள் தாத்தாவும் என் பெரியப்பாவும் மீன் மேல் உள்ள அக்கறையில் செய்தது. தவறு என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

டெஸ்ட் கிட் வாங்கிவிட்டீர்களா? காகிதப் பட்டையைவிடத் துளி மருந்துக் கிட் நல்லது. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச், கேஎச், ஐந்தும் வேண்டும். நைட்ரேட்டின் இரண்டாவது குப்பியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் விட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும்.

ஜூன் 5

தம்பி அனுப்பிய அளவுகள். தொட்டி: பிஎச் 6, கேஎச் ஒரே துளியில் நிறம் மாறிவிட்டது (அதாவது 1 அல்லது அதற்கும் கீழே), அமோனியா 4, நைட்ரைட் 0, நைட்ரேட் 160 (இவை மூன்றும் லிட்டருக்கு மில்லிகிராமில்). வீட்டுப் போர் தண்ணீர்: பிஎச் 8, கேஎச் 12.

என் பெரியப்பா தொட்டி மறுபடி எதிரில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கடைக்காரர் சொன்னதில் பாதி அளவு செய்திருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். பாதித் தண்ணீரை மாற்றினால் அமோனியா 4 என்பது 2 ஆகிவிடும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிஎச் 6இலிருந்து 7.8க்கு ஏறினால், அந்த 2இலும் நஞ்சான அமோனியாவின் அளவு முன்பு இருந்ததைப்போல் சுமார் 30 மடங்காகும்.

செய்ய வேண்டியது: தினம் பத்து லிட்டர் எடுத்துப் பத்து லிட்டர் விடுங்கள். புதுத் தண்ணீரில் மூன்று பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர். அப்படிக் கலந்தால் கேஎச் 3 வரும். அமோனியா நாளுக்கு நாள் குறையும், பிஎச் மெல்ல மெல்ல ஏறும். வாளியை மேலே வைத்து ஏர் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும்.

தீனி மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

ஜூன் 5, இன்னொன்று

தொட்டி 133 லிட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டியின் கணக்காக அது சரி (ஒரு கன அடி 28.3 லிட்டர்). ஆனால் அடியில் இரண்டு அங்குலம் கல், மேலே இரண்டு அங்குலம் காலி. தண்ணீர் நிற்பது 11 அங்குலம்தான். 97 லிட்டர் வரும், 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போடும்போது இந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஜூன் 6

இனி வெள்ளைப் புள்ளி.

இது ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் புகுந்து தின்று பெருத்து, விழுந்து, தரையில் பலநூறாகப் பிரிந்து, குஞ்சுகள் நீந்திப்போய் மறுபடி மீனைப் பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. நீந்தும் குஞ்சை மட்டும்தான் கொல்ல முடியும். 30 டிகிரிச் சூட்டில் இந்தச் சுற்று மூன்று நாலு நாளில் முடியும், குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். மதுரை வெயிலில் ஹீட்டர் வேண்டியதில்லை, அது உங்களுக்குச் சாதகம். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும், ஏர் பம்ப் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

மருந்து: கல் உப்பு. பச்சை மருந்தும் நீல மருந்தும் இப்போது வேண்டாம், உங்கள் தொட்டியில் பாக்டீரியா ஏற்கெனவே குற்றுயிராக இருக்கிறது. முதல் நாள் 100 கிராம், மறுநாள் 100, மூன்றாம் நாள் 100. லிட்டருக்கு 3 கிராமோடு நிறுத்துங்கள். தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் சக்கர் அதன்மேல் போய் ஒட்டும், தோல் வெந்துவிடும்.

சக்கருக்கு உப்பு ஆகாது என்று பலர் சொல்வார்கள். பெரியப்பாவின் சக்கர் 3 கிராமில் இரண்டு வாரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. படிப்படியாக ஏற்றியதால் தாங்கியது. செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது தாங்காது.

ஜூன் 7

அவசரத் திருத்தம். தினம் பத்து லிட்டர் எடுக்கச் சொன்னேன், உப்பும் போடச் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எடுக்கும் பத்து லிட்டரோடு உப்பும் போய்விடுகிறது. 3 கிராம் அளவை எட்டிய பிறகு, உள்ளே விடும் ஒவ்வொரு பத்து லிட்டரிலும் 30 கிராம் கரைத்து விடுங்கள். ஆவியாவதை ஈடுகட்டும் தண்ணீரில் உப்பு சேர்க்க வேண்டாம், உப்பு ஆவியாவதில்லை.

புள்ளி கூடியிருக்கிறது என்று பயப்படாதீர்கள். தோலுக்கு அடியில் ஏற்கெனவே இருந்தவை பெரிதாகி இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பை விட்டு வையுங்கள்.

ஜூன் 9, ஞாயிறு

ஈரோட்டு அக்கா ஒருவர், எங்கள் வீட்டில் நகராட்சித் தண்ணீர், குளோரின் வாடை அடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். வாய் அகன்ற வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வையுங்கள், குளோரின் பறந்துவிடும். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள், பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கரைசல்தான்.

அவரே கேட்டது: ஸ்பாஞ்சைக் கழுவவே கூடாதா? கழுவலாம், கழுவத்தான் வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், வாளிக்குள் வைத்து, நாலைந்து பிழி பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும். அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியா இருக்கிறது. குழாயில் நேரடியாகக் காட்டினால் குளோரின் அதைக் கொன்றுவிடும்.

இன்னொருவர், பத்துப் பத்து லிட்டராகப் பத்து நாள் எடுத்தால் 100 லிட்டரும் மாறிவிடுமே, அதற்கு ஒரே நாளில் மாற்றினால் என்ன என்கிறார். மாறாது. இரண்டாம் நாள் எடுக்கும் பத்து லிட்டரில் முதல் நாள் விட்ட புதுத் தண்ணீரும் கலந்திருக்கிறது. கணக்குப் போட்டால் பத்து நாள் முடிவிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய தண்ணீர் இருக்கும். மீன் உடம்பு பழகிக்கொள்வதற்கு அந்தத் தாமதம்தான் வேண்டும்.

ஜூன் 12

புள்ளி மறைந்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். நிம்மதி. ஆனால் கூடவே வந்த படத்தைப் பார்த்தேன். சின்ன ஒராண்டாவை மேலிருந்து எடுத்த படம். செதில்கள் அன்னாசிப்பழம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கின்றன, வயிறு பானையாக இருக்கிறது.

இது புள்ளி நோயோடு சம்பந்தப்பட்டது இல்லை. உடம்புக்குள் நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. மாதக்கணக்கில் மோசமான தண்ணீரில் இருந்த மீன்களுக்கு இது வரும். செதில் இந்த அளவுக்கு விரிந்தபின் பிழைத்த மீன்கள் மிகக் குறைவு. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

தனி டப்பில் தொட்டித் தண்ணீரோடு வையுங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள். மருந்துக் கடையில் எப்சம் உப்பு கிடைக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் கோத்த நீர் கொஞ்சம் இறங்கி மீனுக்கு வலி குறையலாம். துணியால் பாதி மூடி இருட்டாக வையுங்கள். நாலு நாள் பாருங்கள்.

ஜூன் 15

தின்பதில்லை, பக்கவாட்டில் மிதக்கிறது, கண்ணும் பிதுங்கிவிட்டது என்றால் நேரம் வந்துவிட்டது தம்பி. கழிப்பறையில் கொட்டுவதோ, தண்ணீரை விட்டு வெளியே போடுவதோ கூடாது, அது நீண்ட சித்திரவதை. கிராம்பு எண்ணெய் வாங்குங்கள். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்கி, மீன் இருக்கும் டப்பில் மெல்ல ஊற்றுங்கள். முதலில் தூங்கிவிடும். அப்புறம் லிட்டருக்குப் பத்துத் துளிக்குக் குறையாமல் வரும்படி மீதியையும் ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டு வையுங்கள்.

பாட்டியைக் கூட வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். அவரிடமே கேளுங்கள். நான் 2019இல் பெரியம்மாவிடம் மூன்று வாரம் மறைத்தேன். தெரிந்தபோது மீன் செத்ததைவிட நான் சொல்லாததுதான் அவருக்கு வலித்தது.

ஜூன் 16

மாதுளைச் செடியடியில் புதைத்தோம், பாட்டிதான் மண் போட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

ஜூன் 18

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒருவர், எனக்கும் இப்படித் தொட்டி வந்திருக்கிறது, சக்கர் ஒன்றேகால் அடி வளர்ந்துவிட்டது, பாவமாக இருக்கிறது, பக்கத்துக் கண்மாயில் விட்டுவிடப் போகிறேன் என்கிறார்.

தயவுசெய்து விடாதீர்கள். சக்கர் தென் அமெரிக்க மீன். நம் ஏரிகளிலும் ஆறுகளிலும் ஏற்கெனவே பரவியிருக்கிறது, தொட்டி வைத்திருந்தவர்கள் இப்படி விட்டதும் அதற்கு ஒரு காரணம். கரையைக் குடைந்து பொந்து வைத்து முட்டையிடும். முள் துடுப்பு வலையைக் கிழிக்கும். மேலே வந்து காற்றை விழுங்கியே பிழைக்கும், அதனால் சாக்கடை மாதிரியான தண்ணீரிலும் சாகாது. வலையில் கெண்டையும் விராலும் வர வேண்டிய இடத்தில் இது வந்தால் மீனவர் யாரிடம் விற்பார்? மீன் கடைகளிலும் பண்ணைகளிலும் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்காக வாங்கிக்கொள்வார்கள். கொளத்தூரில் அப்படி வாங்கி எனக்குத் தெரிந்த இரண்டு பேர் வளர்க்கிறார்கள்.

எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. 2019இல் பிழைத்த நாலில் கோராமி இரண்டும் சக்கரும் மேலே வந்து காற்றைக் குடிக்கக் கூடியவை. செவுள் வெந்தாலும் அவற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. ஏஞ்சலுக்கு அது இல்லை. அதனால்தான் நாலும் போயிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்து இன்றுதான் இதை யோசித்தேன்.

ஜூன் 21

அளவுகள்: பிஎச் 6.8, கேஎச் 2, அமோனியா 0.5, நைட்ரைட் 1. "நைட்ரைட் இதுவரை 0தானே இருந்தது, கெட்டுப்போகிறதா?" என்று தம்பி கேட்கிறார்.

இல்லை, நல்லதுக்குத்தான். பிஎச் ஏறியதும் தூங்கிக்கொண்டிருந்த பாக்டீரியா வேலையை ஆரம்பித்திருக்கிறது. அமோனியாவை நைட்ரைட் ஆக்குபவை முந்திக்கொண்டன, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குபவை பின்னால் வருகின்றன. ஆனால் நைட்ரைட்டும் நஞ்சுதான். இரத்தத்தில் கலந்து பிராணவாயுவைச் சுமக்க விடாது, செவுள் பழுப்பாகிவிடும். உங்கள் தொட்டியில் உப்பு இருப்பது இங்கே கைகொடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியாக நுழையவிடாமல் தடுக்கும். புள்ளி போய் ஒரு வாரம் ஆனதும் உப்பை இறக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிப்போடுங்கள். நைட்ரைட் 0 ஆன பிறகு இறக்கலாம்.

கலவையை இனி பாதி ஆர்ஓ, பாதி போர் என்று மாற்றுங்கள்.

ஜூன் 23

மஞ்சள் நிறம் போகவில்லையே என்று கேட்கிறீர்கள். உள்ளே மரக்கட்டை இருக்கிறதா? இருந்தால் அதன் சாயமும் சேர்ந்திருக்கும், அது கெடுதல் இல்லை. ஃபைட்டர் வளர்ப்பவர்கள் நாட்டு வாதுமைச் சருகை வேண்டுமென்றே போட்டு அப்படி நிறம் ஏற்றுவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் நல்ல தண்ணீர் என்று நானும் நம்பியிருந்தேன். 2019இல் நான் நிரப்பிய தண்ணீர் பளபளவென்றுதான் இருந்தது.

ஜூன் 30

நைட்ரைட் 0. அமோனியா 0. இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது.

இனி விடும் தண்ணீரில் உப்பு சேர்க்காதீர்கள், தானாகவே குறைந்துகொண்டு வரும். தினம் மாற்றியதை வாரம் இரண்டு முறையாக்கலாம். தீனி தினம் ஒரு வேளை.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியோடு நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஐம்பது சொம்பு. அம்மா, நான், பையன் முறை வைத்து எழுந்தோம். தீனி அறவே இல்லை. ஒரு மீனும் சாகவில்லை. கோராமி இரண்டும் அந்தத் தொட்டியில்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பல மணி நேரம் நின்ற ஃபில்டரை அப்படியே திரும்பப் போடாதீர்கள். உள்ளே பிராணவாயு இல்லாமல் அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். முதல் தண்ணீரை வாளியில் விட்டுக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

ஜூலை 14, ஞாயிறு

பிஎச் 7.4, கேஎச் 5, அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20க்கும் 40க்கும் நடுவில். மூன்று பார்ப்பும் பெரிய ஒராண்டாவும் சக்கரும் நலம். ஆண் பார்ப் இரண்டும் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன, இந்த நிறத்தில் இவற்றைப் பார்த்ததே இல்லை என்று பாட்டி சொன்னாராம்.

இன்று ஸ்பாஞ்ச் பிழியப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஸ்பாஞ்ச் இருக்கிறது அல்லவா, இன்று ஒன்று மட்டும். இன்னொன்றை அடுத்த மாதம் தொடுங்கள். வாளியில் தொட்டித் தண்ணீரை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஃபில்டரை நிறுத்துங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மாதுளைச் செடிக்கு ஊற்றுங்கள்.